மிஷினைக் கொடுக்காத நாள்

போகியன்று விடிவதற்கு முன்பே ஜோதிகா எழுந்து, பழைய சேலையொன்றை நனைத்துப் பிழிந்து ஜன்னலில் கட்டினாள். கதவுக்கு அடியில் ஒரு கோணியைச் சுருட்டி வைத்தாள். போன வருடம் இதெல்லாம் அவளுக்குத் தோன்றவில்லை; போகிப் புகையில் மகன் சந்தோஷ் பொங்கல் முழுக்க மூச்சிரைத்துக்கொண்டு கிடந்தான். வாங்கி வைத்த கரும்பை யாரும் தொடவில்லை.

வெளியே பிள்ளைகள் போகி மேளம் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். கிழிந்த பாயும் தலையணையும் எரிகிற வாடைக்கு நடுவில் ரப்பர் நாற்றமும் வந்தது. யாரோ டயரைப் போட்டிருக்க வேண்டும். சந்தோஷ் தூக்கத்திலேயே இரண்டு தரம் இருமினான். ஜோதிகா அவனை எழுப்பி உட்காரவைத்து, இன்ஹேலரை ஸ்பேசர் குழாயில் மாட்டி அவன் வாயில் வைத்தாள். ஐந்து வயதுப் பையன், கண்ணைத் திறக்காமலே மூச்சை இழுத்து விட்டான். அவனுக்கு அது பல் தேய்ப்பது மாதிரி ஆகிவிட்டிருந்தது.

சென்னையில், பாடி என்ற பகுதியில், பழைய கம்பெனி மதில் ஒன்றின் பின்னால் ஒரே வரிசையில் ஆறு வீடுகள். எல்லாம் பூங்காவனம் என்ற அம்மாளுக்குச் சொந்தம். முதல் வீட்டில் அவளே இருந்தாள். ஜோதிகாவின் வீடு நான்காவது. கணவன் அழகேசன் கம்பெனியில் இரவு ஷிப்ட். காலையில் அவன் வந்து படுக்கும்போது இவள் சமையலை முடித்திருக்க வேண்டும், பையனையும் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒற்றை அறை. இதில் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் தூக்கம் என்பது நடக்காத காரியம்.

அலமாரிக்கு மேலே அந்த மிஷின் இருந்தது. மருந்தைப் புகையாக்கி மூச்சுக்குள் அனுப்புகிற நெபுலைசர். சந்தோஷுக்கு அடிக்கடி இழுப்பு வந்துகொண்டிருந்த காலத்தில் அழகேசன் வாங்கி வந்தது. பிறகு மெயின் ரோட்டு கிளினிக்கில் டாக்டர் அமல்ராஜ், தினமும் கொடுக்கச் சொல்லி இன்ஹேலரை எழுதிக் கொடுத்தார். அதைப் பழக்கினால் ஆயுசுக்கும் விடாது என்று வரிசை வீடுகளில் எல்லோரும் சொன்னார்கள். ஜோதிகா பயந்து பயந்துதான் கொடுத்தாள். ஆனால் இழுப்பு மெல்ல மெல்ல விலகிப்போனது. மிஷினுக்கு அந்த வீட்டில் வேலை இல்லாமல் போயிற்று.

அக்கம்பக்கத்தில்தான் அதற்கு வேலை வந்தது. சளி பிடித்தால், இருமினால், ராத்திரி மூக்கடைத்தால், யாராவது வந்து கதவைத் தட்டினார்கள். "அக்கா, அந்தப் புகை மிஷின் கொஞ்சம் குடேன்." சந்தோஷுக்கு எழுதிக் கொடுத்த மருந்து மிச்சம் இருந்ததால் அதையும் சேர்த்தே கொடுத்தாள். திரும்பி வந்ததும் மாஸ்க்கைத் தண்ணீரில் அலசி வைப்பாள். கொடுத்துக் கொடுத்து அலுத்துவிட்டது. ஆனாலும் பிள்ளை இருமுகிற சத்தம் காதில் விழும்போது இல்லையென்று சொல்ல வாய் வராது.

அன்று முதலில் வந்தவள் இரண்டாம் வீட்டு அங்கம்மா. தன் பையனுக்காக மிஷினை வாங்கிப்போய், திருப்பிக் கொண்டுவந்து வைத்தாள். அடுத்து நிஷா வந்தாள், இடுப்பில் பத்து மாதக் குழந்தை சுவேதாவோடு. 

நிஷா ஐந்தாவது வீடு. தையல் கம்பெனியில் பேக்கிங் வேலை. கணவன் ஹேமநாதன் லோடு வண்டி ஓட்டுகிறான். பண்டிகை நேரத்தில் செம்பரம்பாக்கத்துக் குடோன்களுக்கும் கடைகளுக்குமாக ஓடுவதில் அவன் வீடு தங்குவதே இல்லை. நிஷா வேலைக்குப் போகும்போது குழந்தை பூங்காவனத்திடம் இருக்கும்.

"அக்கா, தெருவே புகைக்காடா கீது. கொய்ந்த மூச்சு வாங்குது. நேத்து சாய்ந்தரம் வெச்சோமே, அது மாரி இன்னொரு வாட்டி வெச்சு வுடேன்."

"சளி எத்தினி நாளா கீது இதுக்கு?"

"அது கீது நாலஞ்சு நாளா. பூங்காவனம் ஆயா தெனம் தலைக்கு ஊத்தி சாம்பிராணி போட்டுத்தான் வுடுது. கேக்கல. இப்ப இந்தப் புகை வேற."

குழந்தையின் தலைமுடியில் சாம்பிராணி வாசம் இன்னும் இருந்தது. உடம்பு சுட்டது. ஜோதிகா மிஷினை இறக்கி, மருந்தை ஊற்றி, மாஸ்க்கை வைத்தாள். சுவேதா வீறிட்டு அழுதாள், காலை உதைத்தாள், பிறகு களைத்துத் தூங்கிப்போனாள். நிஷா நிம்மதியாகச் சிரித்தாள்.

"மதியம் பஸ் புடிச்சு அம்மா ஊட்டுக்குப் போறேன்கா. திருவள்ளூர் தாண்டி. அங்க புகை இருக்காது, சரியாப் போயிடும்."

ஜோதிகாவும் அப்படித்தான் நினைத்தாள். அன்று காலை அந்தத் தெருவில் எல்லாப் பிள்ளையும் இருமியது. எல்லாவற்றுக்கும் புகைதான் காரணம் என்று எல்லோரும் சொன்னார்கள். அழகேசன் வந்தான், சாப்பிட்டான், முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு படுத்தான். சந்தோஷை மடியில் போட்டுக்கொண்டு ஜோதிகா சுவரில் சாய்ந்தாள். கண் எரிந்தது. பொங்கல் பானையை இன்னும் கழுவவில்லை என்பது நினைவுக்கு வந்தது. எழுந்திருக்க முடியவில்லை.

மதியம் மறுபடி கதவு தட்டப்பட்டது. ஜோதிகா உடனே எழவில்லை. தட்டினவர்கள் போய்விட மாட்டார்களா என்று இருந்தது. அழகேசன் புரண்டு படுத்து, "யார்னு பாரேன்" என்றான்.

நிஷா புதுச் சுடிதாரில் நின்றாள், தோளில் பை, கையில் குழந்தை. 

"கெளம்பிட்டேன்கா. மிஷினைக் குடு, நாலு நாள்ல கொண்டாந்துர்றேன். போற எடத்துல ஆத்திர அவசரத்துக்கு வோணும் இல்ல?"

"காலைல வெச்சதுக்குக் கொறையலியா?"

"கொறஞ்ச மாரி இருந்துச்சு. மறுபடி வாங்குது. பாலும் குடிக்கல. ஆனா சத்தமே இல்லக்கா, நல்லாத் தூங்கிகினே கீறா."

ஜோதிகா குழந்தையைப் பார்த்தாள். காலையில் அறையே அதிரக் கத்திய குழந்தை இப்போது தலையை அம்மாவின் தோளில் தொங்கவிட்டிருந்தது. மூக்கு நுனி ஒவ்வொரு மூச்சுக்கும் விரிந்தது. ஜோதிகா சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். மூச்சை இழுக்கும்போதெல்லாம் விலா எலும்புக்குக் கீழே வயிறு சேருமிடம் குழிந்து குழிந்து உள்ளே போனது. கூடவே ஒரு முனகல்.

சந்தோஷுக்கு ஒரே ஒரு தடவை அப்படிக் குழி விழுந்திருக்கிறது. அன்று டாக்டர் அமல்ராஜ் அவர்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை; அப்படியே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

"நிஷா, இத ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போவணும். ஊருக்கு இல்ல."

"இன்னாக்கா நீ! போகியும் அதுவுமா எந்த டாக்டர் கீறாரு? கிளினிக்கு பூட்டிக் கெடக்குது, பாத்துட்டுதான் வரேன். நீ மிஷினைக் குடு, நான் பாத்துக்கறேன்."

"பெரிய ஆஸ்பத்திரி தொறந்துதான் இருக்கும். வா, நானும் வரேன்."

"அவுரு வண்டில கீறாரு. கேட்டா கத்துவாரு, சளிக்கெல்லாம் ஆஸ்பத்திரியான்னு. அம்மா பஸ் ஸ்டாண்டுல வந்து நிக்கும். குடுக்கா, பஸ்ஸுக்கு நேரமாவுது."

"மிஷின் தர மாட்டேன்."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு சத்தமாக வந்துவிட்டது என்று ஜோதிகாவுக்குத் தெரிந்தது. அங்கம்மா தன் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தாள். பூங்காவனமும் வெளியே வந்துவிட்டாள்.

"இன்னா ஜோதிகா, கைக்கொய்ந்தைக்குக் கேக்குது, குடுத்தா இன்னா கொறஞ்சிடப் போற?" என்றாள் பூங்காவனம்.

"குடுத்தா இது நேரா ஊருக்குப் போய்டும்மா. அதான் தரல."

நிஷாவின் முகம் சிவந்தது. "மூஞ்சிக்கு நேரா தர மாட்டேன்னு சொல்லிட்டு ஆஸ்பத்திரி கீஸ்பத்திரின்னு ஏன்க்கா பேசுற? தெனம் தெனம் வந்து நிக்கறோம், உனக்குச் சலிச்சிப் போச்சு. அத சொல்லு. உன் மிஷினை நீயே கட்டிகினு அழு."

அவள் விறுவிறுவென்று நடந்து போனாள். பை இடுப்பில் இடித்துக்கொண்டே போயிற்று.

ஜோதிகா கதவைச் சாத்தினாள். நிஷா சொன்னது பொய்யில்லை. சலித்துத்தான் போயிருந்தது. அந்தக் குழியைப் பார்த்த பயத்தில் சொன்னது எவ்வளவு, அலுப்பில் சொன்னது எவ்வளவு என்று அவளுக்கே தெரியவில்லை. ஒருவேளை தனக்குத்தான் அப்படித் தெரிந்ததோ? படுத்துவிடலாம் என்று பாயை விரித்தாள். உட்கார்ந்தாள். அந்த முனகல் காதை விட்டுப் போகவில்லை.

"எந்திரிங்க," என்று அழகேசனை உலுக்கினாள். "புள்ளயப் பாத்துக்கங்க. வெளிய வுடாதீங்க. நான் நிஷா பின்னால போறேன்."

அவன் எழுந்து உட்கார்ந்தான். கண் சிவந்திருந்தது. ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. "செருப்ப மாத்திப் போட்டுக்கினு போற பாரு," என்று மட்டும் சொன்னான்.

மேம்பாலத்துக்குக் கீழே பஸ் நிறுத்தத்தில் திருவிழாக் கூட்டம். கரும்புக் கட்டோடும் மஞ்சள் கொத்தோடும் ஜனங்கள் நின்றார்கள். லாரிகள் ஹாரனை அழுத்திக்கொண்டே திரும்பின. ஒரு திருவள்ளூர் பஸ் நிரம்பி வழிந்து அப்போதுதான் நகர்ந்தது. நிஷாவால் ஏற முடியவில்லை. ஒரு தூணோரம் நின்று, குழந்தையின் வாயில் பால் பாட்டிலை வைத்துக்கொண்டிருந்தாள். பால் கடைவாயில் வழிந்து சட்டையில் இறங்கியது.

ஜோதிகாவைப் பார்த்ததும் அவள் கோபப்படவில்லை. 

"அக்கா, இது உறிஞ்சவே மாட்டேங்குது. கூப்புட்டா கண்ணைத் தொறக்க மாட்டேங்குது."

உதட்டைச் சுற்றிக் குழந்தையின் நிறம் மங்கியிருந்தது. ஜோதிகா பையை வாங்கிக்கொண்டு ஆட்டோவை நிறுத்தினாள். பேரம் பேசாமல் ஏறினார்கள். வழியெல்லாம் நிஷா, "சுவேதா, சுவேதா" என்று கன்னத்தைத் தட்டிக்கொண்டே வந்தாள். ஆட்டோக்காரர் ஒருமுறை கண்ணாடியில் பார்த்துவிட்டு, அதன் பிறகு எந்த சிக்னலுக்கும் நிற்கவில்லை.

அரசு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் ஒரு நர்ஸ் குழந்தையை வாங்கி மேஜையில் கிடத்தினார். கால் விரலில் சின்ன கிளிப்பை மாட்டினார். அதில் வந்த எண்ணைப் பார்த்ததும் ஆக்ஸிஜன் குழாயை எடுத்தார். இளம் பெண் டாக்டர் ஒருவர் வந்து, பேசாமல், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி குழந்தையின் வயிறு ஏறி இறங்குவதையே எண்ணினார். ஸ்டெதஸ்கோப்பை முதுகில் வைத்து நெடுநேரம் கேட்டார். அவர் கண்ணுக்குக் கீழும் கருவளையம் இருந்தது.

"எத்தனை நாளா?"

"சளி நாலஞ்சு நாளா மேடம். காலைலேர்ந்து புகையால..."

"புகை இன்னும் கொஞ்சம் மோசமாக்கியிருக்கும். ஆனா இது புகையால வந்தது இல்ல. நிமோனியா. நுரையீரல்ல கிருமி. என்ன மருந்து குடுத்தீங்க?"

நிஷா ஜோதிகாவைப் பார்த்தாள். ஜோதிகாதான் பதில் சொன்னாள்.

"நெபுலைசர் வெச்சோம் மேடம். நேத்து ஒரு வாட்டி, காலைல ஒரு வாட்டி. எங்க ஊட்டுது."

"யார் எழுதிக் குடுத்தா?"

"என் பையனுக்கு எழுதினது."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். கத்தவில்லை, கத்தத் தெம்பில்லாதவர் மாதிரி பேசினார்.

"அது இழுப்புக்கு மூச்சுக்குழாயைத் திறக்கற மருந்தும்மா. நிமோனியாவுக்கு ஒண்ணும் செய்யாது. நாமதான் ஏதோ வைத்தியம் பண்ணிட்டோம்னு நெனச்சு நேரத்தை விடுவோம். ஒரே மாஸ்க்கை எத்தனை பிள்ளைங்களுக்கு வெக்கறீங்க?"

ஜோதிகா தலை குனிந்தாள். அங்கம்மாவின் பையன் ஞாபகத்துக்கு வந்தான்.

"ஒருத்தர் சளி இன்னொருத்தருக்கு அப்படித்தான் போகுது. இனிமே அதைச் செய்யாதீங்க," என்றவர் நிஷா பக்கம் திரும்பினார். "குழந்தை வேகவேகமா மூச்சு விட்டா, விலாவுக்குக் கீழ குழி விழுந்தா, பால் குடிக்காம துவண்டு தூங்கினா, வீட்டுல வெச்சுப் பாக்கவே கூடாது. பண்டிகையோ என்னவோ, தூக்கிட்டு வந்துடணும். நீங்க ஊர் போய்ச் சேர்ந்திருந்தா..." சீட்டை இழுத்து எழுத ஆரம்பித்தார். "தடுப்பூசியெல்லாம் போட்டாச்சா? ஒன்பதாம் மாசம்?"

"அப்பதான் வேலைக்குத் திரும்பச் சேந்தேன் மேடம். லீவு கெடைக்கல. போட்டுக்கலாம்னு..."

"நிமோனியாவுக்குத் தடுப்பூசி இருக்கு. அதோட மூணாவது தவணைதான் ஒன்பதாம் மாசம் போடறது. சரியானதும் மறக்காம போடுங்க. கொசுவத்தி, சாம்பிராணி எதுவும் குழந்தை பக்கத்துல வேணாம்."

பொங்கல் அவர்களுக்கு வார்டில் வந்தது. போகியன்று சாயங்காலமே ஹேமநாதன் லோடு வண்டியை ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்திவிட்டு ஓடிவந்தான். வாயைத் திறந்தால் கத்துவான் என்று நிஷா சொல்லியிருந்தாள், அவன் கத்தவில்லை. குழந்தையின் கையில் ஊசி ஒட்டியிருந்த இடத்தைப் பார்த்துவிட்டு வெளியே போய் மரத்தடியில் நின்றுகொண்டான். திரும்பி வந்து, "அக்கா, நீங்க ஊட்டுக்குப் போங்க, பையன் தேடுவான்" என்றான். ஜோதிகா கிளம்பும்போது நிஷா குழந்தையின் முகத்தில் இருந்த குழாயைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

சுவேதா பிழைத்தாள். முதல் இரண்டு நாள் மோசமாகத்தான் இருந்தது. காணும் பொங்கலன்று கண்ணைத் திறந்து பாட்டிலுக்குக் கை நீட்டினாளாம். ஹேமநாதன் போனில் அழகேசனிடம் சொன்னான். அடுத்த வாரம் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். குழந்தை மெலிந்து, காதுகள் மட்டும் பெரிதாகத் தெரிந்தன.

ஆனால் வரிசையில் பேச்சு வேறு மாதிரி உலவியது. கைக்குழந்தைக்கு மிஷினைக் கொடுக்காமல் விரட்டினாள், அதனால்தான் ஆஸ்பத்திரி வரைக்கும் போயிற்று என்றார்கள். நிமோனியா என்று ஜோதிகா ஒருமுறை விளக்கிப் பார்த்தாள். அங்கம்மா கேட்டுக்கொண்டாள். இரண்டு நாளில் அவளே தன் பையனுக்கு இருமல் என்று வந்து நின்றாள்.

"டாக்டர் சீட்டும் புது மாஸ்க்கும் இருந்தா எடுத்துக்கினு போ," என்றாள் ஜோதிகா. "இல்லன்னா தர மாட்டேன் அங்கம்மா. கோச்சுக்காத."

அங்கம்மா கோபித்துக்கொண்டாள். அதன் பிறகு யாரும் கதவைத் தட்டவில்லை. இவ்வளவு நாளும் வேண்டும் வேண்டும் என்று நினைத்த அமைதிதான். வந்த பிறகு அதில் தூக்கம் வரவில்லை. தண்ணீர் பிடிக்கும்போது இவள் போனால் பேச்சு நின்றது. பூங்காவனம் மட்டும் ஒருநாள், யாரிடமும் சொல்லாதது போல, "நான் சாம்பிராணி போட்டதும் தப்புன்னு சொன்னாங்களாமே" என்றாள். "எல்லாருந்தான் போடறோம்" என்றாள் ஜோதிகா.

நிஷாவும் பேசவில்லை. எதிரில் வந்தால் லேசாகத் தலையசைப்பாள், அவ்வளவுதான்.

ஒரு புதன்கிழமை காலை நிஷா வாசலில் வந்து நின்றாள். கண்கள் உள்ளே போயிருந்தன. 

"இன்னிக்கு ஊசி போடற நாள்க்கா. கூட வரியா?"

"வேலை?"

"லீவு சொல்லிட்டேன். தரலன்னாலும் போவேன்னு சொன்னேன்." கொஞ்சம் தயங்கினாள். "தனியா போவ பயமா கீது. ராத்திரியெல்லாம் அது மூச்சு வுடுதான்னு பாத்துகினே ஒக்காந்துக்கறேன். அன்னிக்கு உன்னைப் பேசினது..."

"அத வுடு. இரு, சோத்த வடிச்சிட்டு வரேன்."

சுகாதார நிலையத்தின் பெஞ்சில் குழந்தைகளும் அம்மாக்களுமாக இடமே இல்லை. ஒரு மூலையில் ஒருத்தி நகர்ந்து கொடுத்தாள். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் நிஷாவின் தலை ஜோதிகாவின் தோளில் விழுந்தது. கை தளர்ந்தது. குழந்தை நழுவுவதற்குள் ஜோதிகா வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். சுவேதா அவளுடைய தாலிக்கயிற்றைப் பிடித்து வாயில் வைத்துச் சப்பினாள். 

"சுவேதா! ஹேமநாதன் குழந்தை சுவேதா!" என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள்.

ஜோதிகா நிஷாவின் தலையை மெல்லச் சுவரில் சாய்த்துவிட்டு, குழந்தையோடும் கார்டோடும் எழுந்து போனாள். நர்ஸ் கார்டை வாங்கிப் பார்த்தார்.

"அம்மாவா நீங்க?"

"இல்ல மேடம். பக்கத்து ஊடு. அவ வெளிய தூங்குறா," என்றாள் ஜோதிகா. "ஊசியப் போட்டா இது கத்துற கத்துல தானா எந்திரிச்சி வருவா."